ஈவ் ஆன்லைன்: அரட்டைக்கு மட்டுமில்ல... ஆபத்தையும் காட்டும் 'லோக்கல்' சாட்!

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட விண்வெளி கேம் 'ஈவ் ஆன்லைன்'. இதில் கப்பல் வெடித்தால் போனது போனதுதான்; புதுசாத்தான் வாங்கணும். அதனால் அனுபவசாலிகளின் கண் எப்போதும் 'லோக்கல்' சாட் விண்டோ மேலேயே இருக்கும்.

எப்படி உதவுது?

ஒரு நட்சத்திர மண்டலத்துக்குள் யார் நுழைந்தாலும், பேசாவிட்டாலும், மறைந்தே வந்தாலும், பெயர் உடனே பட்டியலில் வந்துவிடும். உங்கள் அணி எதிரியாகக் குறித்தவர் என்றால் சிவப்புக் குறி. நட்பு அணி என்றால் நீலம். ஆபத்தான பகுதியில் தெரியாத பெயர் வந்தாலே, தாது வெட்டுவதை நிறுத்திவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்புவது நல்லது.

எங்கே உதவாது?

'வார்ம்ஹோல்' பகுதிகளில் பேசினால்தான் பெயர் தெரியும். அங்கே பட்டியல் காலியா இருக்குன்னா, ஆளே இல்லைன்னு அர்த்தமில்லை. டைரக்‌ஷனல் ஸ்கேனரை அடிக்கடி அழுத்திப் பார்க்கணும். மறைந்திருக்கும் கப்பல் அதிலும் சிக்காது.