பில்ரிக்கில் இறங்கிய பயணிகள்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைப் படிப்பிக்கும்போது வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுவதுண்டு. புகார் நகரம் இரண்டு பாக்கமாகக் கிடந்தது. கடலை அடுத்து மருவூர்ப்பாக்கம். அங்கே பரதவர், யவனர், கைவினைஞர், பண்டசாலைகள். உள்ளே பட்டினப்பாக்கம். அங்கே அரச வீதியும் மாடமாளிகைகளும். இரண்டுக்கும் நடுவே மரச்செறிவில் நாளங்காடி. "அப்படியென்றால், சேர், ஒரு பாக்கத்துச் சனம் மற்றப் பாக்கத்துக்கு எப்படிப் போய்வந்தது?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். நடந்துதான் போயிருப்பார்கள் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

ஆனால் கேள்வி அவ்வளவு எளியதன்று. அந்த இடைநிலத்தை இளங்கோவடிகள் எதற்கு ஒப்பிடுகிறார் என்பதைக் கவனித்தால் அது விளங்கும். இரு பெரு வேந்தர் எதிர்நின்று பொருதும் களத்துக்கே ஒப்பிடுகிறார். ஒரே நகரின் இரு பகுதிகளுக்கு இடையில் கிடக்கும் நிலம் எப்போதும் சமாதானமான நிலமாக இருப்பதில்லை என்பது அந்தக் கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது போலும்.

இன்று நேயர்களுக்கு நான் சொல்ல எடுத்துக்கொண்டது அத்தகைய ஓர் இடைநிலத்தின் கதை. ஸ்கொத்லாந்தின் தலைநகரான எடின்பரோ குன்றின்மேல் கோட்டையும் அதன் சரிவில் வீதிகளுமாக அமைந்த ஊர். அதற்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் போர்த் கழிமுகத்தை ஒட்டிக் கிடப்பது லீத். எடின்பரோவுக்கு வேண்டிய மதுவும் மரமும் தானியமும் வந்திறங்கிய துறைமுகம் அது. பட்டினப்பாக்கத்துக்கும் மருவூர்ப்பாக்கத்துக்கும் இடையில் ஓடும் நேர்ச்சாலைக்கு லீத் வோக் என்று பெயர். வோக் என்றால் நடை. நான் மாணவருக்குச் சொல்லும் சமாளிப்பு விடை அங்கே வீதியின் பெயராகவே இருக்கிறது!

இந்த வீதியில் 1871ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் குதிரைகள் இழுத்த டிராம் ஓடத் தொடங்கியது. எடின்பரோவின் முதல் டிராம் பாதையே லீத்துக்குப் போன பாதைதான். அப்போது இரண்டு ஊருக்கும் ஒரே கம்பனி. சிக்கல் பிறகுதான் வந்தது. எடின்பரோ மேடும் பள்ளமுமான ஊர், குதிரைகள் களைத்துப்போயின. ஆகவே மாநகரசபை கயிற்று டிராமைத் தேர்ந்தது. வீதியின் நடுவே ஒரு நீண்ட பிளவு. அதன் கீழே உருக்குக் கயிறு ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். வண்டி தன் பிடியினால் அக்கயிற்றைப் பற்றிக்கொண்டு நகரும். கயிறு பழுதுபட்டால் அந்தப் பாதை வண்டிகள் எல்லாம் நின்றுவிடும். தனி நகரசபையாக இருந்த லீத்தோ 1904இல் தன் எல்லைக்குள் கிடந்த பாதையை விலைக்கு வாங்கி, மறு ஆண்டே மின்சார டிராமை ஓடவிட்டது. சின்னத் துறைமுகம் புதிய பொறியைப் பிடித்துக்கொண்டது; பெரிய தலைநகரம் பழைய கயிற்றை விடவில்லை.

இதன் விளைவு பில்ரிக் என்ற இடத்தில் தெரிந்தது. லீத் வோக்கின் நடுவழியில் உள்ள பில்ரிக்தான் இரு சபைகளின் எல்லை. லீத்திலிருந்து வந்த மின்சார வண்டி அங்கே நின்றுவிடும். பயணிகள் மழையானாலும் பனியானாலும் மூட்டை முடிச்சோடு இறங்கி, சில யார் தூரம் நடந்து, எடின்பரோவின் கயிற்று வண்டியில் ஏறவேண்டும். இதற்குப் 'பில்ரிக் குழப்பம்' என்றே மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள். எல்லைக்கோட்டின்மேல் ஒரு மதுச்சாலையும் இருந்தது. இரு ஊரிலும் கடை மூடும் நேரம் வேறாகையால், ஒரு பக்கத்தில் மணி அடித்ததும் குடிப்போர் கிண்ணத்தோடு மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடுவார்களாம். எல்லைக்கோடுகளால் பயனடைந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

1920இல் லீத் எடின்பரோவுடன் இணைக்கப்பட்டது. லீத் மக்களிடம் கருத்துக் கேட்டபோது எதிராக 26,810 பேரும் ஆதரவாக 4,340 பேரும் வாக்களித்திருந்தனர். இருந்தும் இணைத்தார்கள். இணைப்பைச் செய்த சட்டத்தின் பெயரை நான் முதன்முதலில் வாசித்தபோது மறுபடியும் வாசித்தேன்: எடின்பரோ எல்லை விரிவாக்கமும் டிராம் பாதைகளும் பற்றிய சட்டம். ஒரு துறைமுக நகரின் சுயாட்சியும் தண்டவாளமும் ஒரே தலைப்பில் அடங்கிவிட்டன. 1922இல் எடின்பரோவும் மின்சாரத்துக்கு மாற, பில்ரிக்கில் இறங்காமலே போகும் வசதி வந்தது. டிராம் ஒன்றாகியதை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்; ஊர் ஒன்றாகியதை லீத் எளிதில் மன்னிக்கவில்லை.

பிறகு மோட்டார் வண்டிகளின் காலம். 1956 நவம்பர் 16ஆம் திகதி எடின்பரோவின் கடைசி டிராம் லீத் வோக்கை அடுத்த டிப்போவுக்குள் சென்று ஓய்ந்தது. நம் கொழும்பிலும் கோட்டையிலிருந்து பொறளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் 1899 தொடக்கம் ஓடிய டிராம் 1960இல் நின்றுவிட்டது. கொழும்பு அதோடு அந்தக் கதையை முடித்துக்கொண்டது. எடின்பரோ முடித்துக்கொள்ளவில்லை.

புதிய டிராம் பாதைக்கான சட்டங்கள் 2006இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றத்தில் நிறைவேறின. விமான நிலையத்தில் தொடங்கி நகரின் நடுவால் வந்து, லீத் வோக் வழியே இறங்கி, லீத்தைக் கடந்து நியூஹேவன் மீன்பிடித் துறைவரை போவதே திட்டம். மதிப்பீடு 545 மில்லியன் பவுண். ஓடுவதற்கு 27 வண்டிகள் வாங்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 43 மீற்றர் நீளம்.

தண்டவாளம் போடுமுன் வீதியின் கீழுள்ளவற்றை ஒதுக்கவேண்டும். நீர்க்குழாய், வாயுக்குழாய், மின்வடம், தொலைபேசிக் கம்பி, கழிவுநீர்க் கால்வாய் என நூற்றைம்பது ஆண்டாகப் புதைத்தவை அங்கே கிடந்தன. 2007இல் லீத் வோக்கைக் கிண்டத் தொடங்கினார்கள். வரைபடத்தில் இருந்தது மண்ணுக்குள் இருக்கவில்லை. மண்ணுக்குள் இருந்தது வரைபடத்தில் இல்லை. வடிவமைப்பு முற்றுப்பெறாமலே கட்டுமான ஒப்பந்தமும் 2008இல் கைச்சாத்தாகிவிட்டது. ஒப்பந்தகாரருக்கும், மாநகரசபை இதற்கென அமைத்த கம்பனிக்கும் இடையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார் பணம் கொடுப்பது என்று தகராறு. வேலை நின்றது, நடுவர்களிடம் போனது. 2011இல் மாநகரசபை பாதையைக் குறுக்கியது. ஓகஸ்ட் மாதத்தில் ஹேமார்க்கற்றோடு நிறுத்துவதாகத் தீர்மானித்து, பணம் கிடையாது என்று அரசாங்கம் எச்சரித்ததும் செப்டெம்பரில் அதை மாற்றி நகர மையம்வரை என்றது. 2014 மே 31ஆம் திகதி 14 கிலோமீற்றர் பாதை திறக்கப்பட்டது. செலவு 776 மில்லியன் பவுண். யோர்க் பிளேஸ் என்ற இடத்தில் தண்டவாளம் முடிந்தது. லீத் வோக் தொடங்குவதற்குச் சற்று முன்னே.

லீத் வோக்கில் கடை வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேலி, புழுதி, நடைபாதை மாற்றம். வாடிக்கையாளர் வேறு வீதிக்குப் போய்விட்டனர். இவ்வளவையும் தாங்கியது ஒரு நாள் டிராம் வரும் என்ற நம்பிக்கையில். குழியை மூடிவிட்டு, டிராம் உங்களிடம் வராது என்றார்கள். 1920இன் வாக்கெடுப்பைப் பாட்டன்மாரிடம் கேட்டு வளர்ந்த லீத்துக்காரர் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. முழுப் பாதைக்கு வாங்கிய வண்டிகளோ தேவைக்கு மிஞ்சி நின்றன.

இவ்விடத்தில் ஒருவரை நினைவுகூராமல் அப்பாற் செல்ல முடியவில்லை. எடின்பரோவில் வாழ்ந்த பற்றிக் கெடஸ் என்ற நகரமைப்பு அறிஞர் 1914இல் இந்தியாவுக்கு வந்து, மதுரை உள்ளிட்ட சென்னை மாகாண நகரங்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். 1921இல் கொழும்புக்கும் திட்டம் வகுத்துக் கொடுத்தார். ஊரைக் கிண்டி நேர்வீதி போட அவசரப்பட்ட அதிகாரிகளிடம் அவர் சொன்னதன் சாரம், சிகிச்சைக்கு முன் நோயை அறியுங்கள் என்பதே. தமிழ் வாத்தியார் ஒருவருக்கு இதைக் கேட்டதும் எந்தக் குறள் நாவில் வரும் என்பதை நேயர்கள் அறிவார்கள். நமக்கு அவர் சொன்ன வைத்தியத்தை அவர் வாழ்ந்த ஊர் தனக்குச் செய்துகொள்ளவில்லை.

மிச்சப் பாதையைப் போட மாநகரசபை 2019 மார்ச்சில் வாக்களித்தது. 4.69 கிலோமீற்றர், எட்டுத் தரிப்பிடங்கள், 207.3 மில்லியன் பவுண்; கடனாகப் பெற்று, டிராம் வருமானத்தில் தீர்ப்பது. அந்த வேளையில் முதற் பாதையின் தவறுகளை விசாரிக்க 2014இல் அமைந்த ஹார்டி பிரபு ஆணைக்குழுவின் அறிக்கைகூட வெளிவரவில்லை. அறிக்கை வருமுன் அடுத்ததைத் தொடங்குவதா என்று கேட்டவர்கள் பலர். கேட்டது நியாயமே. ஆனாலும் இம்முறை சபை பட்டறிந்திருந்தது. குழாய்களை ஒருவர் ஒதுக்க, பிறகு வேறொருவர் வந்து அதே இடத்தைக் கிண்டும் முறை கைவிடப்பட்டது. ஒரு துண்டு வீதியை எடுத்தால் ஒரே தடவை ஆழக் கிண்டி, கண்ணில் பட்டதையெல்லாம் தீர்த்து, தண்டவாளம் போட்டு மூடுவது. வியாபாரிகளுக்கு உதவ 2.4 மில்லியன் பவுண் ஒதுக்கப்பட்டது. 2007இல் அழிந்த வியாபாரத்துக்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம்.

லீத்தின் கொன்ஸ்ரிரியூஷன் வீதியில் வேலை மெதுவாகவே நகர வேண்டியிருந்தது. அங்கே தென் லீத் தேவாலயத்தின் பழைய சேமக்காலை வீதிக்குக் கீழேயும் விரிந்து கிடந்தது. பின்னாளில் மதில் கட்டியவர்கள் சேமக்காலையின் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டார்கள். அதன்மேல் வண்டிகள் ஓடின. முதல் முயற்சியின்போதே 2009இல் ஏறத்தாழ நானூறு பேரின் எலும்புகளைத் தொல்லியலாளர் எடுத்திருந்தனர். 2019 நவம்பரில் தொடங்கிய இரண்டாம் வேலையில், கொவிட் காரணமாகச் சில மாதம் நின்று தொடர்ந்ததில், மேலும் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் வெளிப்பட்டனர். பதினான்காம் நூற்றாண்டு தொடக்கம் பதினேழாம் நூற்றாண்டு வரை அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்கள். அரசரும் பிரபுக்களும் அல்லர், துறைமுகத்துச் சனம். முதலில் எடுத்தவற்றை ஆராய்ந்தபோது பெரும்பாலோர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எனத் தெரிந்தது. சிலரின் மண்டையோட்டைக் கொண்டு முகங்களையும் வரைந்தார்கள். அந்த முகங்களின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். சந்தையில் மீன் விலை பேசுகிறவர்களின் முகங்கள். அதே வீதியில் ஒரு திமிங்கிலத்தின் எலும்பும் வந்தது. திமிங்கில வேட்டைக்குக் கப்பல் அனுப்பிய துறைமுகமல்லவா!

இலக்கிய நேயர்களுக்கு இந்தப் பாதையில் இன்னும் சில உறவினர் உண்டு. பிக்கார்டி பிளேஸ் தரிப்பிடம் ஆர்தர் கொனன் டொயில் 1859இல் பிறந்த இடம். அங்கு நின்ற ஷெர்லொக் ஹோம்ஸ் சிலையை 2009இல் டிராம் வேலைக்காக அகற்றினார்கள், 2012இல் வைத்தார்கள், 2018இல் மறுபடி அகற்றி 2023இல் மறுபடி வைத்தார்கள். எத்தனையோ மர்மங்களைத் துலக்கியவர் தன் ஊர்த் திட்டத்தைத் துலக்க இயலாமல் இருமுறை களஞ்சியத்தில் கிடந்தார். 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சனின் தாய்வழிப் பாட்டனார் பிறந்தது பில்ரிக் மாளிகையில். அந்தப் பல்போர் குடும்பத்தின் பெயரே இன்று ஒரு தரிப்பிடத்துக்கு.

2023 ஜூன் 7ஆம் திகதி நியூஹேவனுக்கு டிராம் ஓடியது. ஒதுக்கிய பணத்துக்குள் வேலை முடிந்தது. புதிய வண்டி ஒன்றும் வாங்கவேண்டியிருக்கவில்லை. முன்பு மிஞ்சி நின்றவையே போதுமாயின. குறைகள் இல்லாமலில்லை. லீத் வோக்கில் சைக்கிளுக்கென ஒதுக்கிய பாதை கம்பங்களுக்கு வளைந்து வளைந்து போனதைப் பார்த்து உலகமே சிரித்தது. ஹார்டி பிரபுவின் அறிக்கை அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் வந்தது. ஒன்பது ஆண்டு, 13 மில்லியன் பவுணுக்கு மேல். விசாரணையைத் தொடங்கும்போது இல்லாத பாதை, அது முடியும்போது ஓடிக்கொண்டிருந்தது. 2024இல் டிராமில் ஏறியோர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது.

கிண்டும்போது பில்ரிக்கில் பழைய கயிற்று டிராமின் இரும்புச் சக்கரங்கள் அகப்பட்டன. அவற்றைத் துப்புரவாக்கி வீதியோரத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் புதிய பாதையில் பில்ரிக் என்றொரு தரிப்பிடம் இல்லை. ஒரு காலத்தில் பயணிகள் எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றிருந்த அந்த இடத்தை, மக்டொனால்ட் வீதிக்கும் பல்போர் வீதிக்கும் நடுவே, வண்டி நிற்காமற் கடந்து போகிறது.