வெள்ளை அங்கியும் சாய்வு நாற்காலியும்

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் வீட்டுச் சுவர்களில் தேதி எழுதி வைத்திருப்பார்கள். பஞ்சாங்கத் தேதி அல்ல, டி.டி.டி. அடித்த தேதி. காக்கிச் சட்டை போட்ட நாலைந்து பேர் கைப்பம்பும் வாளியுமாகத் தெருவில் நுழைவார்கள். பாத்திரம் பண்டங்களையெல்லாம் முற்றத்துக்கு எடுத்துப் போடச் சொல்வார்கள். பிறகு அடுக்களை, கூடம், மாட்டுக் கொட்டில் என்று ஒன்று விடாமல் மருந்து அடித்துவிட்டு, வாசல் நிலைக்குப் பக்கத்தில் தேதியை எழுதிவிட்டுப் போவார்கள். சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்திருக்கும். அந்த வாசனை எங்களுக்கு, அதாவது சிறு பிள்ளைகளுக்கு, மிகவும் பிடிக்கும். என் பாட்டி மாத்திரம், "பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பைப் பாழாக்கிவிட்டுப் போகிறான்களே!" என்று முணுமுணுப்பாள். மருந்தைப்பற்றி அவளுக்கு ஒரு புகாரும் கிடையாது. மலேரியாக் காய்ச்சலுக்கு இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள் அவள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். ஏனென்றால், நான் இப்போது சொல்லப் போகும் கதையில் டி.டி.டி. வில்லன், அதை எதிர்த்த ஓர் அம்மையார் கதாநாயகி. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வில்லனையும் நாயகியையும் பிரித்து வைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஆனால் நடந்த சரித்திரம் கதாசிரியனின் சௌகரியத்துக்காக நடப்பதில்லை அல்லவா?

டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் சக்தியை 1939-ஆம் வருஷம் கண்டுபிடித்தவர் பால் முல்லர் என்ற ஸ்விட்ஸர்லாந்து விஞ்ஞானி. அதற்காக அவருக்கு 1948-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இரண்டாவது மகாயுத்தத்தின்போது இத்தாலியில் நேபிள்ஸ் நகரத்தில் பரவிய விஷ ஜுரத்தை இந்தத் தூளைக் கொண்டுதான் அடக்கினார்கள். நம் தேசத்தில் சுதந்திரம் வந்த சமயத்தில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா கண்டது என்றும், அதில் எட்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் கணக்கு. 1953-இல் சர்க்கார் மலேரியா ஒழிப்பு வேலையை ஆரம்பித்தார்கள். 1965 வாக்கில் அந்த ஏழரைக் கோடி சுமார் ஒரு லட்சமாகக் குறைந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரிலிருந்த தேதிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சங்கதி இருந்தது.

அமெரிக்காவில் சமாசாரம் வேறு. அங்கே மருந்து வீட்டுச் சுவரோடு நிற்கவில்லை. ஆகாய விமானத்திலிருந்து வயல்களிலும் காடுகளிலும் ஊர்களிலும் மழையாகப் பொழிந்தார்கள். எறும்புக்கு ஒரு தரம், எல்ம் மரத்து வண்டுக்கு ஒரு தரம். பூச்சி செத்தது, பூச்சியைத் தின்ற பறவையும் செத்தது. மண்புழுவின் உடம்பில் சேர்ந்த விஷம் அதைக் கொத்தித் தின்ற ராபின் பறவையைக் கொன்றது. இதையெல்லாம் நாலு வருஷம் உட்கார்ந்து திரட்டி ஒரு புத்தகமாக எழுதினார் ரேச்சல் கார்ஸன் என்ற அம்மையார். 1962 ஜூன் மாதம் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் மூன்று பகுதிகளாக வந்து, செப்டம்பரில் புத்தகமாயிற்று. பெயர், 'மௌன வசந்தம்'. புள்ளினங்களின் ஓசை அடங்கிப்போன வசந்த காலம் என்று அர்த்தம். ஆகஸ்டு மாதமே பத்திரிகை நிருபர்கள் இதைப்பற்றி ஜனாதிபதி கென்னடியிடம் கேள்வி கேட்டார்கள். அவரும், ஆமாம், அந்த அம்மையாரின் எழுத்துக்குப் பிறகு இதைக் கவனித்து வருகிறோம் என்று பதில் சொன்னார்.

எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் புத்தகம் என்பது படிக்கிறவர்களின் சாமான். நான் சொல்ல வந்த விஷயம் அதற்கப்புறம் நடந்தது.

1963-இல் அமெரிக்காவில் பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் டெலிவிஷன் பெட்டி இருந்தது. சி.பி.எஸ். என்ற கம்பெனி அந்த அம்மையாரைப்பற்றியும் அவர் கிளப்பிய சர்ச்சையைப்பற்றியும் ஒரு மணி நேர நிகழ்ச்சி தயாரித்தது. தயாரித்தவர் ஜே மக்மல்லன். நடத்தியவர் எரிக் ஸெவரெய்ட், பேர்போன செய்தியாளர். மேரிலாந்தில் ஸில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் அம்மையாரின் வீட்டுக்கே போய், 1962 நவம்பர் கடைசியில் பேட்டியைப் படம் பிடித்தார்கள். (ஆங்கிலத்தில் வசந்தத்துக்கும் ஊற்றுக்கும் ஒரே சொல். இவர் பிறந்த ஊரின் பெயர் ஸ்பிரிங்டேல், எழுதிய புத்தகம் ஸைலண்ட் ஸ்பிரிங், குடியிருந்த ஊர் ஸில்வர் ஸ்பிரிங். நான் ஒரு நாவலில் இப்படி எழுதினால் விமரிசகர்கள் விடுவார்களா?)

சினிமாக் காமிரா என்றால் கார்ஸன் அம்மையாருக்கு ஏற்கெனவே கசப்பு. கடலைப்பற்றி அவர் எழுதிய புத்தகம் ஒன்றை 1953-இல் படமாக எடுத்தார்கள். அந்தக் கதை வசனத்தைப் பார்த்துவிட்டு அவர் மனம் நொந்து போனார். தாம் எழுதிய விஞ்ஞானம் எங்கே, இவர்கள் காட்டும் வேடிக்கை எங்கே என்று வருந்தினார். படத்துக்கு என்னவோ ஆஸ்கர் பரிசு கிடைத்தது! அதற்குப் பிறகு தம் புத்தகங்களைப் படமாக்கும் உரிமையை அவர் எவருக்கும் விற்கவில்லை. அப்படிப்பட்டவர்தான் இப்போது டெலிவிஷன் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

இன்னொரு விஷயம் பார்த்தவர்களுக்குத் தெரியாது. அம்மையாருக்கு மார்பில் புற்றுநோய். 1960-இல் சத்திர சிகிச்சை ஆகியிருந்தது. நோய் மறுபடி பரவிக்கொண்டிருந்தது. இதை அவர் வெளியே சொல்லவே இல்லை. சொன்னால், "சொந்த வியாதியின் கோபத்தை ரசாயனத்தின்மேல் காட்டுகிறாள்" என்று எதிராளிகள் பேசுவார்கள் அல்லவா? பேட்டி முடிந்து திரும்பிய ஸெவரெய்டுக்கு, நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் வரையில் இவர் உயிரோடு இருப்பாரா என்றே சந்தேகம் வந்துவிட்டதாம்.

ஒளிபரப்புக்கு நாள் குறித்தாயிற்று. அப்போது ஐந்து விளம்பரதாரர்களில் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். அவர்களில் ஒருவர் கிருமிநாசினி விற்கிறவர். மற்ற இருவர் உணவுப்பொருள் வியாபாரிகள். தம் பண்டத்தின் பெயரும் விஷம் என்ற சொல்லும் ஒரே மணி நேரத்தில் ஜனங்களின் காதில் விழுவதை எந்த வியாபாரி விரும்புவான்? இந்த இடத்தில் சி.பி.எஸ். பின்வாங்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் பின்வாங்கவில்லை. டெலிவிஷனைப்பற்றி நான் பொதுவாக நல்ல வார்த்தை சொல்வதில்லை என்று என் வாசகர்களுக்குத் தெரியும். ஆகையால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

1963 ஏப்ரல் 3-ஆம் தேதி, புதன்கிழமை இரவு. அந்த நிகழ்ச்சியின் சில பகுதிகளை நான் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பக்கம் ராபர்ட் ஒயிட் ஸ்டீவன்ஸ் என்ற விஞ்ஞானி. பெரிய ரசாயனக் கம்பெனி ஒன்றைச் சேர்ந்தவர். வெள்ளை அங்கி, தடித்த கறுப்புச் சட்டமிட்ட மூக்குக் கண்ணாடி, மீசை. பின்னால் சோதனைச்சாலையின் கண்ணாடிக் குடுவைகள். கணீரென்ற குரலில், இந்த அம்மாள் சொல்வதைக் கேட்டால் மனித குலம் இருண்ட காலத்துக்கே திரும்பிவிடும், பூச்சிகளும் நோய்களும் பூமியை ஆளும் என்று முழங்குகிறார். மறுபக்கம் கார்ஸன் அம்மையார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். குரல் உயரவில்லை, கை அசையவில்லை. மனிதன் இயற்கையின் ஒரு பகுதி. இயற்கையோடு அவன் தொடுக்கும் யுத்தம் தன்னோடு தானே தொடுக்கும் யுத்தம்தான் என்று, அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்கிறதுபோலச் சொல்கிறார்.

யார் ஜயிப்பார்கள் என்று கம்பெனிக்காரர்கள் எதிர்பார்த்திருப்பார்கள்? வெள்ளை அங்கிதான் ஜயிக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அது பலிக்கவில்லை. இந்த அம்மாள் ஓர் உணர்ச்சிப் பைத்தியம் என்று அதுவரை பத்திரிகைகளில் எழுதி வந்தார்கள். உணர்ச்சிவசப்படுகிறவர் யார், நிதானமாகப் பேசுகிறவர் யார் என்பதை அன்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடிப் பேர் வரை பார்த்ததாக மதிப்பு.

இவர்களைவிட அதிகமாக அந்த இரவில் பாடம் சொன்னவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் என்பது என் அபிப்பிராயம். விவசாய மந்திரி வந்தார். சுகாதாரத் துறையின் தலைமை டாக்டர் வந்தார். உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார். இந்த மருந்துகள் உடம்பில் பல வருஷம் தங்கினால் என்ன ஆகும் என்று கேட்டால், தெரியாது என்கிறார்கள். இன்னும் ஆராயவில்லை என்கிறார்கள். புத்தகத்தில் இருநூறு பக்கம் எழுதினாலும், ஓர் அதிகாரி கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வதற்குமுன் விழிக்கிறாரே, அந்த விழிப்பை எழுத்தில் கொண்டுவர முடியுமா? என்னால் முடியாது. டெலிவிஷன் விஞ்ஞானத்தைக் கற்றுக் கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்தில் எவரும் ரசாயனம் கற்றுவிட முடியாது. "பெரியவர்கள் கவனித்துக்கொள்வார்கள்" என்று நம்பியிருந்த ஜனங்களுக்கு, பெரியவர்கள் கவனிக்கவில்லை என்பதைக் காட்டியது. அது சின்னப் படிப்பு அல்ல.

மறுநாளே செனட் சபையில் விசாரணைக்கு அறிவிப்பு வந்தது. மே 15-ஆம் தேதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் கமிட்டி தன் அறிக்கையை வெளியிட்டது. அம்மையார் சொன்னதில் பெரும்பகுதி சரி என்பதுதான் அதன் சாரம். அன்று இரவே சி.பி.எஸ். இன்னொரு நிகழ்ச்சியைப் போட்டது. ஜூன் 4-ஆம் தேதி அம்மையார் செனட்டர் ரிபிகாஃப் தலைமையில் நடந்த விசாரணையில் சாட்சி சொன்னார். 1964 ஏப்ரல் 14-ஆம் தேதி காலமானார். வயது 56. அமெரிக்காவில் டி.டி.டி.க்குத் தடை வந்தது 1972-இல். அவர் பார்க்கவில்லை.

என் பாட்டிக்கு இந்த அம்மையார் என்ன பதில் சொல்வார் என்று நான் யோசித்ததுண்டு. நோய் பரப்பும் பூச்சியை விட்டுவிடுங்கள் என்று அவர் எழுதவில்லை. கண்மண் தெரியாமல் அடித்தால் பூச்சிகள் அந்த மருந்துக்கே பழகிப்போய், அவசரத்துக்கு உதவாமல் போய்விடும் என்றுதான் எச்சரித்தார். நம் தேசத்தில் 1976-இல் மலேரியா மறுபடியும் 64 லட்சம் பேருக்குக் கண்டது. காரணங்கள் பல, கொசு மருந்துக்குப் பழகிப்போனது அவற்றில் ஒன்று. வயலில் டி.டி.டி. அடிப்பதை 1989-இல் இங்கே தடை செய்தார்கள். ஒயிட் ஸ்டீவன்ஸ் சொன்னது முழுப் பொய்யும் அல்ல, கார்ஸன் சொன்னதை எல்லோரும் முழுதாகக் கேட்கவும் இல்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் முகங்கள் தங்கிவிடுகின்றன. 'ஆனால்'களும் 'எனினும்'களும் உதிர்ந்துவிடுகின்றன.

இந்த உதிர்தல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு சம்பவம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருஷம் கழித்து, 1971 ஏப்ரலில் பூமி தினத்தன்று, அமெரிக்க டெலிவிஷனில் ஒரு நிமிஷ விளம்பரம் வந்தது. தோலாடையும் இறகும் அணிந்த ஒரு செவ்விந்தியர் ஓடம் தள்ளிக்கொண்டு வருகிறார். நதியில் குப்பை மிதக்கிறது. கரையில் ஆலைகள் புகை கக்குகின்றன. கரையேறி நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறார். ஓடுகிற காரிலிருந்து யாரோ ஒரு குப்பைப் பொட்டலத்தை வீச, அது அவர் காலடியில் விழுந்து சிதறுகிறது. அவர் நம் பக்கம் திரும்புகிறார். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். மாசை உண்டாக்குகிறவர்கள் மனிதர்கள், அதை நிறுத்தவும் அவர்களால் முடியும் என்று ஒரு குரல் சொல்கிறது. அவ்வளவுதான். தேசமே அழுதது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தச் செவ்விந்தியர் செவ்விந்தியரே அல்ல. லூயிஸியானாவில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்த நடிகர். கண்ணீர் கிளிசரின். அது போகட்டும், நடிகர் என்றால் நடிக்கத்தானே வேண்டும்! விளம்பரத்தை எடுத்த 'கீப் அமெரிக்கா பியூட்டிபுல்' சங்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். 1953-இல் அதை ஆரம்பித்தவர்கள் தகர டப்பாவும் பாட்டிலும் செய்கிற கம்பெனிக்காரர்கள். அதே 1953-இல் வெர்மான்ட் ராஜ்யத்தில், ஒரு தரம் உபயோகித்துவிட்டு எறிகிற பீர் பாட்டிலுக்குத் தடை போட்டிருந்தார்கள். அந்தத் தடை 1957-இல் காலாவதியாயிற்று. கண்ணீர் விளம்பரம் வந்த 1971-இல் ஆரகான் ராஜ்யம் வேறொரு சட்டம் செய்தது: பாட்டிலுக்கு முன்பணம் வாங்கு, திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பிக் கொடு. இம்மாதிரிச் சட்டங்களைக் கண்டால் அந்தக் கம்பெனிகளுக்கு ஆகாது.

ஆலைப் புகை திரையில் வருகிறது. ஆனால் கண்ணீர் வருவது குப்பைப் பொட்டலத்துக்குத்தான். பார்த்தவர்கள், "இனி நான் காரிலிருந்து எதையும் எறிய மாட்டேன்" என்று சங்கல்பம் செய்துகொண்டார்கள். நல்லதுதான், எறிய வேண்டாம். ஆனால் எறிவதற்கென்றே ஒரு பாட்டிலைச் செய்து கையில் கொடுத்தவன் யார் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. 1963-இல் அதிகாரியைப் பார்த்துக் கேட்ட கேள்வியை 1971-இல் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள். பெட்டி ஒன்றே, முதல் தடவை விளம்பரதாரர் ஓடிப் போனார், இரண்டாவது தடவை விளம்பரமே நிகழ்ச்சியாகிவிட்டது. 2023-இல் அந்த விளம்பரத்தின் உரிமையை அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசியக் காங்கிரஸிடமே ஒப்படைத்தார்கள். இனிமேல் யாரும் அதைக் காட்டாமல் இருப்பதற்காக!

ஆரகான் சட்டத்தைப்பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருமுனைப் பெட்டிக் கடையில் கோலி சோடா விற்ற பெரியவர் நினைவுக்கு வந்தார். சோடாவை உடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, கடைசி மடக்குக் குடிக்கும் வரையில் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டிலோடு நாலடி நகர்ந்தால் போதும், "டேய் பையா, பாட்டிலை வச்சுட்டுப் போடா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவார். அவர் கடைச் சுவரிலும் டி.டி.டி. தேதி இருந்தது.