கூத்தும் மருந்தும் கடவுளும்: புதுமைப்பித்தன் கதை காட்டும் சென்னை

முன்னுரை

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் கோபுர வாயில்களில் நாட்டிய சாத்திரம் கூறும் கரணங்கள் சிற்பங்களாக நிற்கின்றன. அவ்வூர்ப் பெயரையே இயற்பெயராகக் கொண்டவர் சொ. விருத்தாசலம் (1906–1948). புதுமைப்பித்தன் என்னும் புனைபெயரில் அவர் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்தது. ஆடல்வல்லானைச் சென்னைத் தெருவுக்கு அழைத்துவரும் இக்கதை, கலையையும் மருத்துவத்தையும் இறைமையையும் மதிப்பிடும் உரிமை யாருக்குரியது என்று வினவுகிறது.

மருத்துவம்

கந்தசாமிப் பிள்ளை ‘சித்த வைத்திய தீபிகை’ என்னும் இதழின் ஆசிரியர். சுதேச மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை அரசு 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கை 1923இல் வெளிவந்தது. சித்த மருத்துவம் அரசின் ஏற்பை நாடிய இச்சூழலே பிள்ளையின் பின்புலம். ஆயினும் கதையில் அவ்வறிவு அரசின் ஆதரவால் அன்று, சந்தாவால் பிழைக்கிறது. கடவுளும் ஆயுள் சந்தாதாரராகிறார். அவ்வாயுள் இதழின் ஆயுள் அன்று, சந்தாதாரரின் ஆயுளே என்று பிள்ளை தெளிவுபடுத்துகிறார்.

கூத்து

1928இல் சென்னை சங்கீத வித்வத் சபையும், 1936இல் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரமும் தோன்றின. சதிர் ‘பரத நாட்டியம்’ என்னும் பெயரோடு சபா மேடையேறிய காலம் அது. கோயிற்பணியோடு அக்கலையைப் பேணிவந்த தேவதாசியர் பின்தள்ளப்பட்டனர். கதையில் பிழைப்புத் தேடிக் கூத்தாட முன்வரும் கடவுளும் தேவியும் கலைப் புரவலர் ஒருவரை நாடுகின்றனர். புலித்தோலும் பாம்பும் சடையுமாக ஆடும் மூலக் கூத்தனை அவர் இடையிலேயே நிறுத்துகிறார். அது கலையன்று என்பது அவர் தீர்ப்பு. கலைக்கு இலக்கணம் வகுப்போர், அவ்விலக்கணத்தின் பிறப்பிடத்தையே அறியாதிருக்கும் முரண் இங்கு வெளிப்படுகிறது.

இறைமை

வரம் தர முன்வரும் கடவுளிடம் பிள்ளை வரம் ஏற்க மறுக்கிறார். ஆனால் தம் வீட்டில் விருந்தினராக ஏற்கிறார். அங்கே குழந்தையோடு விளையாடும் கடவுளுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. புரவலர் மறுத்த மதிப்பை வறியதொரு குடும்பம் எளிதில் வழங்கிவிடுகிறது.

முடிவுரை

மரபை மீட்பதாகக் கூறிய காலத்திலேயே அதனை ஏற்கவும் தள்ளவும் வல்ல புதிய அதிகாரங்கள் எழுந்தன. அவற்றின் வாயிலில் கடவுளையே விண்ணப்பதாரராக நிறுத்தியமை இக்கதையின் வரலாற்றுக் கூர்மை. கோபுரக் கல்லில் நிலைபெற்ற கூத்துக்கு நகர மாளிகையில் இடமில்லாது போன காலமாற்றத்தின் ஆவணமாகவும் இதனை வாசிக்கலாம்.