தண்டுவட மரப்பு நோய்: உறவு சார்ந்த ஆதரவு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் என்னும் கொழுப்புறையைச் சிதைப்பதால் உண்டாகிறது. பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1868இல் இதனைத் தனி நோயாக விளக்கினார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், திருமணமும் பிள்ளைப்பேறும் அமையும் பருவத்தில், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகத் தோன்றுவதால் இது குடும்பத்தையும் சேர்த்தே தாக்குகிறது. நோயாளியோடு துணைவரையும் பராமரிப்போரையும் ஒருசேரக் கருதிச் செய்யப்படும் உதவியே உறவு சார்ந்த ஆதரவாகும்.

கண்ணுக்குப் புலப்படாத கடும் சோர்வு சோம்பலாகவும், பாலுறவுக் குறைபாடு வெறுப்பாகவும் வீட்டாரால் தவறாகக் கொள்ளப்படுவதே உறவை மிகுதியாகக் குலைக்கிறது. ஆகவே நோயாளியையும் துணைவரையும் ஒன்றாக அமர்த்தி அறிகுறிகளை விளக்குவது இவ்வாதரவின் முதற்படியாகும். உடல் வெப்பம் உயர்கையில் அறிகுறிகள் தற்காலிகமாக மிகும் என்பதால், விசைத்தறிகள் ஓடும் திருச்செங்கோடு போன்ற ஊரின் கோடையில் வேலை நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றிக்கொள்வதும் குடும்பம் கூடி எடுக்க வேண்டிய முடிவாகிறது. சிவனும் உமையும் ஓருடலாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் மலையூர் திருச்செங்கோடு எனினும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு வெளிமாநிலம் செல்லும் ஆண்கள் மாதக்கணக்கில் வீடு திரும்பாத நிலையில், மாமியாரையும் உடன்பிறந்தாரையும் சேர்க்காத ஆதரவு இங்கே அரைகுறையானதே.

இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985இல் தொடங்கப்பட்டது. சென்னையில் அதற்குக் கிளை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் இந்நோயும் ஒன்றாகும்.