திமிங்கலமும் 120 டெசிபலும்

வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்குத் திமிங்கலத்தோடு என்ன சகவாசம் என்று கேட்பீர்கள். எண்ணோடு சகவாசம் உண்டே! ஒரு எண் எங்கே பிறந்தது, எப்படிச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது என்று நோண்டிப் பார்ப்பது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அப்படி நோண்டியதில் கிடைத்ததுதான் இந்த 120. கடலுக்கடியில் தொடர்ந்து இருக்கும் சத்தம் 120 டெசிபலைத் தொட்டால் அது திமிங்கலத்துக்குத் தொந்தரவு என்று அமெரிக்க அரசின் மீன்வளத் துறை கணக்கு வைத்திருக்கிறது. வெடி மாதிரி விட்டு விட்டு வருகிற சத்தமென்றால் 160. கடலில் தூண் இறக்குகிறவர்களும் எண்ணெய் தேடுகிறவர்களும் இந்த எண்களை வைத்துத்தான் அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் டெசிபல் வேறு, காற்று டெசிபல் வேறு. டாலரும் ரூபாயும் மாதிரி. தண்ணீர்க் கணக்கிலிருந்து சுமார் 62-ஐக் கழித்தால்தான் நம் காதுக்குப் பழகிய கணக்கு வரும். அப்படிப் பார்த்தால் இந்த 120 என்பது, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்கிற சத்தம். அவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது. அங்கேதான் கதை ஆரம்பம்.

திமிங்கலத்துக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். கடலில் கொஞ்சம் இறங்கினாலே இருட்டு. ஆனால் ஒலி அங்கே விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில், காற்றில் போவதைப் போல நாலரை மடங்கு வேகத்தில் போகிறது. 1949-இல் கனடாவின் சாகனே ஆற்றில் வில்லியம் ஷெவில், பார்பரா லாரன்ஸ் இருவரும் ஹைட்ரோபோனை இறக்கி, பெலுகா திமிங்கலங்களின் குரலை அவை வாழும் இடத்திலேயே பதிவு செய்தார்கள். பனிப்போர் காலத்தில் அமெரிக்கக் கடற்படை, ரஷ்ய நீர்மூழ்கிகளை ஒட்டுக்கேட்கக் கடலடியில் காது வைத்திருந்தது. அதில் 20 ஹெர்ட்ஸில் விட்டு விட்டு ஒரு துடிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. ரஷ்யர்களின் வேலையோ என்றுகூட சந்தேகப்பட்டார்கள். கடைசியில் அது ஃபின் திமிங்கலம் என்று 1964-இல் ஷெவிலும் கூட்டாளிகளும் எழுதினார்கள்.

1971-இல் ரோஜர் பெய்னும் டக்ளஸ் வெப்பும் ஒரு கணக்குப் போட்டார்கள். இந்த 20 ஹெர்ட்ஸ் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? கப்பல் புரொப்பல்லர் வருவதற்கு முந்தைய கடலென்றால் நூற்றுக்கணக்கான மைல்கள். கப்பல்கள் நிறைந்த கடலில் அந்தத் தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும். அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கலிபோர்னியாவில் சான் நிக்கோலஸ் தீவுக்கு அப்பால் 1964-66-இல் கடற்படை அளந்து வைத்திருந்த இடத்திலேயே 2003-04-இல் திரும்ப அளந்து பார்த்தார்கள். தாழ்ந்த சுருதிகளில் 10 முதல் 12 டெசிபல் கூடியிருந்தது. 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. நாற்பது வருஷத்தில்!

சத்தம் கூடியது சரி, அதனால் திமிங்கலம் என்ன செய்கிறது? இதை அளப்பதுதான் கஷ்டம். அது மூழ்கினால் பார்வைக்குத் தப்பிவிடும். பக்கத்தில் படகில் போனால், அந்தப் படகின் சத்தத்துக்குத்தான் ஒதுங்குகிறதோ என்ற சந்தேகம் வந்துவிடும். இதற்கு ஒரு வழி, சத்தத்தை டேப்பில் போட்டுக் காட்டுவது. வில்லியம் கம்மிங்ஸும் பால் தாம்ப்சனும் ஓர்காவின் குரலைத் தண்ணீருக்குள் ஒலிக்கவிட்டதும் சாம்பல் திமிங்கலங்கள் திரும்பி ஓடின என்று 1971-இல் எழுதியிருக்கிறார்கள். எதிரி குரல், ஓடுகிறது, நியாயம்.

1983-84-இல் இதே வித்தையை சார்லஸ் மால்ம் குழு பெரிய அளவில் செய்தது. பணம் கொடுத்தது எண்ணெய்க் கிணறுகளுக்கு அனுமதி தரும் அரசுத் துறை. கலிபோர்னியாக் கரையை ஒட்டித்தான் சாம்பல் திமிங்கலங்கள் வருஷா வருஷம் மெக்சிகோவுக்கும் அலாஸ்காவுக்குமாகப் போய்வரும். நம்மூர் சர்வேயர் நிலம் அளக்கிற தியோடலைட்டைச் செங்குத்துப் பாறை மேல் வைத்து, தலை தூக்கும் திமிங்கலத்தையெல்லாம் குறித்துக்கொண்டார்கள். கீழே கடலில் ஸ்பீக்கர் வழியே எண்ணெய்க் கிணறு தோண்டும் சத்தம், ஹெலிகாப்டர் சத்தம். இன்னொரு பக்கம் ஏர் கன், அதாவது கடலடியில் எண்ணெய் தேட காற்றை வெடித்து அனுப்பும் கருவி. தொடர் சத்தத்தில் 120 டெசிபலை ஒட்டி பாதித் திமிங்கலங்கள் வழி விலகின. ஏர் கன்னுக்கு 164-இல் பத்துக்கு ஒன்று, 170-இல் பாதி.

நல்ல ஆராய்ச்சி, அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் அளந்தது ஒரே ஒரு இனத்தை, ஒரு கரையில், வழிப்பயணம் போகிற நேரத்தில். அந்த எண்கள் எல்லாத் திமிங்கலத்துக்கும் எல்லாக் கடலுக்கும் வரம்பாகிவிட்டன. எனக்கு இது புதிதல்ல. வாராக்கடனுக்கு 90 நாள் என்று ஒரு கோடு கிழித்திருக்கிறோம். 2004 மார்ச்சுக்கு முன்னால் அது 180 நாள். 89-ஆம் நாள் நல்ல கணக்கு, 91-ஆம் நாள் கெட்ட கணக்கு. கடன்காரர் என்னவோ அதே ஆள்தான் :-) கோடு இல்லாமல் நிர்வாகம் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடுவோம்.

1998 ஜனவரியில் அதே கலிபோர்னியாவில், கடற்படையின் புதிய தாழ்சுருதி சோனாரைச் சோதித்தார்கள். மால்ம் குழுவில் இருந்த கிறிஸ்டபர் கிளார்க்கும் பீட்டர் டையாக்கும் இதிலும் இருந்தார்கள். கருவியைத் திமிங்கலங்கள் போகும் வழியிலேயே வைத்தபோது அவை சுற்றிக்கொண்டு போயின. அதே கருவியைக் கடலுக்குள் இன்னும் தள்ளி நிறுத்தி, சத்தத்தையும் ஏற்றினார்கள். திமிங்கலத்தின் காதில் விழுந்த அளவு முன்புபோலவேதான், ஆனாலும் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. எத்தனை டெசிபல் என்பதைப் போலவே, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதும் அதற்கு முக்கியம்! இந்த ஒரு சோதனையோடு 120-ஐ மறுபடி யோசித்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

2000 மார்ச்சில் பஹாமாஸில் கடற்படை சோனார் பயிற்சியை ஒட்டி 17 திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. பெரும்பாலும் அலகுத் திமிங்கலங்கள். சோனார்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அடுத்த வருஷம் கடற்படையே அறிக்கையில் ஒத்துக்கொண்டது. அந்தக் காலகட்டத்தில்தான் மார்க் ஜான்சனும் டையாக்கும் செய்த டிடேக் என்ற கருவி புழக்கத்துக்கு வந்தது. திமிங்கலத்தின் முதுகில் ரப்பர் உறிஞ்சுக் கிண்ணங்களால் ஒட்டிக்கொள்ளும். அது கேட்ட சத்தத்தையும், மூழ்கிய ஆழத்தையும், புரண்ட விதத்தையும் ஒன்றாகப் பதிந்து தரும். கரையிலிருந்து பார்க்க முடியாததெல்லாம் இதில் கிடைத்தது.

கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்களுக்கு இதை ஒட்டினார்கள். அந்த இனத்தில் இன்று நானூறுக்கும் குறைவாகத்தான் மிச்சம். கப்பல் மோதிச் சாவது அதிகம். 2004-இல் வந்த முடிவைப் படித்து அசந்துபோனேன். கப்பல் சத்தத்துக்கு அவை அசைந்துகூடக் கொடுக்கவில்லை. எச்சரிக்கைக்கென்று தனியாகச் செய்த ஒலியைப் போட்டால், ஆறில் ஐந்து மேலே ஏறி வந்து, கப்பல் மோதும் ஆழத்திலேயே நின்றன!

அசையவில்லை என்றால் தொந்தரவு இல்லை என்றுதானே எழுதிக்கொள்வோம்? எங்கள் கிளை மும்பையில் ரயில் பாதைக்கு அடுத்த தெருவில். வண்டி போகும்போது கவுன்ட்டரில் எல்லோருமே தானாகக் குரலை உயர்த்துவோம், ஒருவரும் எழுந்து ஓடுவதில்லை. 1956-இல் பதிவான ரைட் திமிங்கலக் குரலை 2000-க்குப் பிந்தைய பதிவுகளோடு ஒப்பிட்ட சூசன் பார்க்ஸ், அவை கட்டையை ஏற்றிக் கூப்பிடுவதைக் கண்டுபிடித்தார். தாழ்ந்த சுருதியைக் கப்பல்கள் பிடித்துக்கொண்டுவிட்டன.

அதே விரிகுடாவில் 2001 செப்டம்பரில் ரோசலிண்ட் ரோலண்ட் திமிங்கலச் சாணம் சேகரித்துக்கொண்டிருந்தார். சிரிக்காதீர்கள். அது தண்ணீரில் மிதக்கும்; அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன் எவ்வளவு என்று அதில் பார்க்கலாம். பார்க்ஸ் வேறொரு வேலையாக அங்கே ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. அடுத்த நாட்களில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. விரிகுடாவில் சத்தம் 6 டெசிபல் இறங்கியது. அதாவது கால் பங்குக்கு வந்துவிட்டது. இரண்டு பேருடைய பேரேட்டையும் ஒத்துப் பார்த்தது வெகு வருஷம் கழித்துத்தான். சத்தம் இறங்கிய நாட்களில் ஹார்மோனும் இறங்கியிருந்தது. 2005 வரை மற்ற வருஷங்களின் அதே செப்டம்பரில் அப்படி இறங்கவில்லை. 2012-இல் கட்டுரை வெளிவந்தது. கப்பல் பக்கத்தில் போனாலும் அசையாத அதே திமிங்கலங்கள்தான் இவை.

திரும்பச் செய்து பார்க்க முடியாத சோதனை அது. செய்ய வேண்டிய அவசியம் வரவும் வேண்டாம். வேண்டுமென்றே கடலை அமைதியாக்கிப் பார்த்தது வான்கூவர் துறைமுகம். 2017-இல் ஹாரோ நீரிணையில் கப்பல்களை மெதுவாகப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். கட்டாயம் இல்லை, ஆனாலும் பெரும்பாலான கப்பல்கள் கேட்டுக்கொண்டன. சத்தம் குறைந்தபோது அங்குள்ள ஓர்காக்கள் கூடுதலாக இரை தேடின என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. அனுமதிப் படிவங்களில் இன்றைக்கும் 120, 160 என்றுதான் இருக்கிறது.