சுவருக்குள் இருக்கும் கம்பி: இங்கிலாந்து வாடகை வீடுகளில் தீக்காப்பு விதிகளின் வரலாறு

வாடகை வீட்டின் தீக்காப்பு வரலாற்றை ஆராய்வோர் முதலில் கருத வேண்டியது, அந்த வீட்டுக்கே உரிய ஓர் இக்கட்டாகும். இரவில் அங்கே உறங்குபவருக்குச் சுவரைத் திறந்து உள்ளிருக்கும் மின்கம்பியைப் பார்க்கும் உரிமை இல்லை. அந்த உரிமை உடையவரோ அங்கே உறங்குவதில்லை. இங்கிலாந்தில் மின்விளக்கின் தீ அபாயம் குறித்த விதிகள் 1882ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டும், தனியார் வாடகை வீடுகள் அனைத்திலும் மின்னமைப்பைக் காலமுறைப்படி பரிசோதிக்கும் கடமை 2020ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று என்பதற்கு இந்த இக்கட்டே பெருங்காரணம்.

தீக்காப்பு அந்நாட்டில் தொடக்கத்தில் உடைமையைக் காக்கும் ஏற்பாடாகவே வளர்ந்தது. 1666இல் லண்டன் மாநகரைத் தீ அழித்தபின் தோன்றிய காப்பீட்டு நிறுவனங்கள் தத்தம் செலவில் தீயணைப்புப் படைகளை வைத்திருந்தன. 1833இல் அவற்றுட் பல ஒன்றுகூடி லண்டனுக்கெனப் பொதுவான ஒரு படையை அமைத்தன. காப்பீட்டாளரின் அக்கறை கட்டடத்திலும் சரக்கிலும் இருந்ததால், மாடியில் சிக்கிக்கொண்டோரை ஏணி வைத்து இறக்கும் பணியை 1830களில் தோன்றிய வேறொரு அறச்சங்கம் ஏற்றது. ஒரே தீயில் கட்டடத்தைக் காக்க ஓர் அமைப்பும் உயிரைக் காக்க மற்றோர் அமைப்புமாகப் பிரிந்து நின்ற இந்நிலை, 1865ஆம் ஆண்டின் சட்டப்படி நகரத் தீயணைப்புப் படை பொதுச் செலவில் நிறுவப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் ஏணிகளும் அதன் பொறுப்பில் வந்த பிறகே நீங்கியது.

1882இல் தந்திப் பொறியாளர் மற்றும் மின்னியலாளர் சங்கம் வெளியிட்ட விதிகள், ஆட்களுக்கு நேரும் ஆபத்தைப் பற்றியும் பேசினாலும், மின்விளக்கால் எழும் தீ அபாயங்களைத் தடுப்பதையே தலைப்பில் தாங்கியிருந்தன. அவை பதிப்புக்குப் பதிப்பு விரிந்து, 1992இல் பிஎஸ் 7671 என்னும் பிரித்தானியத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டு, இன்றும் ஒயரிங் விதிகள் என்றே வழங்குகின்றன. அவற்றின் முதன்மைக் கவனம் கம்பி பதிக்கப்படும் நாளின் செம்மையில் இருந்தது. ஆனால் கம்பிக்கும் மூப்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதிக்கப்பட்ட கம்பிகளின் ரப்பர் உறை ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி, வெடித்து, உதிரும் இயல்புடையது. உறை உதிர்ந்த இடத்தில் மின்கசிவும், தளர்ந்த இணைப்பில் சூடும் உண்டாகி, தீப்பற்றும்வரை வெளியே தெரியாமல் இருந்துவிடக்கூடும்.

வாடகைச் சட்டமும் நெடுங்காலம் இந்த மூப்பைத் தேடிச் சென்று காணவில்லை. குறைந்த காலக் குத்தகைகளில் மின்னமைப்பைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமையை 1961ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் உரிமையாளர்மேல் சுமத்தியது எனினும், பழுது உண்டா என்று முன்கூட்டியே ஆராயும் கடமையை அது வகுக்கவில்லை. எரிவாயுக் கருவிகளை ஆண்டுதோறும் பரிசோதிக்கும் கடமை 1990களிலேயே வந்துவிட்டது. மின்னமைப்புக்கு ஐந்தாண்டுப் பரிசோதனையை 2006ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தபோதும், அது பல குடித்தனத்தினர் சமையலறை முதலியவற்றைப் பகிர்ந்து வாழும் வீடுகளுக்கு மட்டுமே உரியதாயிற்று.

தீ மூண்டபின் உறங்குவோரை எழுப்பும் புகைக் கருவியின் வரலாறு வேறு வழியில் வந்தது. 1930களில் சுவிட்சர்லாந்தின் இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சுவாயுவை உணரும் கருவி ஒன்றை ஆக்க முயன்று தோற்றபோது, அருகே புகைத்த சிகரெட்டின் புகையை அது உணர்ந்தது என்பர். அமெரிக்காவில் டுவேன் பியர்சால் 1960களில் பேட்டரியால் இயங்கும் வடிவத்தை உருவாக்கிய பிறகு, அது வீடுகளுக்கு ஏற்ற எளிய பொருளாயிற்று. இவ்வகைக் கருவியில் அமெரிசியம் என்னும் கதிரியக்கத் தனிமத்தின் நுண்ணளவு, இரு தகடுகளுக்கிடையே உள்ள காற்றை மின்னூட்டி மெல்லிய மின்னோட்டத்தை நிலைநிறுத்த, புகைத்துகள் புகுந்து அவ்வோட்டத்தைக் குறைத்தவுடன் ஒலி எழுகிறது.

இங்கிலாந்தில் 1992 முதல் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் இக்கருவி இடம்பெற வேண்டும் என்று கட்டட விதிகள் கோரின. ஆயினும், வசதி குறைந்தோர் குடியேறிய பழைய வீடுகள் அவ்விதிக்கு வெளியே நின்றன. கருவி சுவரில் இருப்பது மட்டும் போதாது என்பதை 1999இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மாணவர் இருவரைப் பலிகொண்ட தீவிபத்து காட்டியது. அவ்வீட்டின் சன்னல்களில் கம்பித் தடுப்பு இருந்தது, புகைக் கருவியிலோ பேட்டரி இல்லை. பலர் பகிர்ந்து வாழும் வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயம் என்னும் முறையை ஸ்காட்லாந்து அடுத்த ஆண்டே கொண்டுவந்தது.

இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல், தனியார் வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் புகைக் கருவி ஒன்றேனும் பொருத்தி, ஒவ்வொரு குடித்தனமும் தொடங்கும் நாளில் அது இயங்குகிறதா என்று சோதிப்பது உரிமையாளரின் கடமையாயிற்று. 2022இல் இக்கடமை உள்ளாட்சி மன்றங்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் விரிந்ததோடு, பழுதென்று அறிவிக்கப்பட்ட கருவியைச் செப்பனிடுவதோ மாற்றுவதோ உரிமையாளரின் பொறுப்பு என்றும் தெளிவாக்கப்பட்டது.

மின் பரிசோதனை விதிகளை இயற்றும் அதிகாரத்தை 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. குளிர்பதனப் பெட்டி ஒன்றிலிருந்து எழுந்த தீ 72 உயிர்களைப் பறித்த, லண்டனின் கிரென்ஃபெல் குடியிருப்புக் கோபுர விபத்து 2017 ஜூன் 14 அன்று நிகழ்ந்தது. அச்சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட மின் பரிசோதனை விதிகளோ 2020 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, தகுதி பெற்ற ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கம்பி உறையின் தாங்குதிறன், நில இணைப்பின் தொடர்ச்சி, கசிவு கண்டால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியின் விரைவு முதலியவற்றை அளந்து, குறைகளை உடனடி ஆபத்து, ஆபத்தாகக் கூடியது, மேம்படுத்தத் தக்கது என அறிக்கையில் வகைப்படுத்துகிறார். முதல் இரு வகைக் குறைகளை 28 நாட்களுக்குள், அறிக்கை கோரினால் அதற்கும் முன்பே, நீக்க வேண்டும். குடியிருப்போருக்கும் அறிக்கையின் படி சேர வேண்டும். மீறுவோருக்கு அன்று வகுக்கப்பட்ட அபராத உச்சவரம்பு 30,000 பவுண்டு.

கிரென்ஃபெல் கோபுரம் உள்ளாட்சி மன்றத்துக்கு உரியது. 2020ஆம் ஆண்டு விதிகள் தொடக்கத்தில் தனியார் வீடுகளுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. ஆகவே அக்கோபுரத்தில் வாழ்ந்தோரைப் போன்ற குடியிருப்போர் மேலும் ஐந்தாண்டு காத்திருந்து, 2025 நவம்பரில் தொடங்கிய விரிவாக்கத்தின் வழியாகவே இப்பாதுகாப்பைப் பெறலாயினர். தாமே திறந்து பார்க்க இயலாத சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் அறியும் உரிமையை இவ்விதிகள் குடியிருப்போருக்கு அளித்தன. நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இவ்வரலாற்றின் தலையாய பேறு அந்த அறிக்கையின் படிதான்.