நாற்பது வருஷ இடைவேளை

சினிமாப் படம் பிடிப்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே எல்லாரும் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் காமிராவுக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகமும் பென்ஸிலுமாக உட்கார்ந்திருப்பார். கதாநாயகனின் மேல் பொத்தான் போட்டிருந்ததா, திறந்திருந்ததா; விரலிடுக்கில் இருந்த சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது; கதாநாயகி எந்தச் சொல்லைச் சொல்லும்போது தலையைத் திருப்பினாள்; இவ்வளவையும் அவர் குறித்துக்கொண்டாக வேண்டும். ஓர் ஆள் வாசல் வரைக்கும் நடந்து வருவதை இன்றைக்குப் பிடிப்பார்கள். அதே ஆள் வாசலைத் தாண்டி உள்ளே நுழைவதை மூன்று வாரம் கழித்துப் பிடிப்பார்கள். நோட்டுப் புத்தகம் பிசகினால், வெளியே குடையோடு வந்தவன் உள்ளே கைத்தடியோடு நிற்பான். 'கண்டினியூடி' என்று இதற்குப் பெயர். ஹாலிவுட்டைப் போலவே மெக்ஸிகோவிலும் இதைப் பெண்களுக்கான வேலை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பொறுமை அதிகம், சம்பளம் குறைவு, பெயர் வராது. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

மாதில்தே லாந்தேதா என்ற அம்மாள் 1933 வாக்கில் இந்த நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். 1910-இல் பிறந்தவர், அதாவது மெக்ஸிகோப் புரட்சி வெடித்த அதே வருஷம். சிறு பிராயத்தில் தாயை இழந்து, ஸான் லூயிஸ் பொத்தோஸியில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். தம்பி எதுவார்தோ நடிகராகச் சினிமாவுக்குள் போனார். அவரைப் பின்பற்றி இவரும் போனார். மெக்ஸிகோவில் பேசும் படம் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. அங்கே ஒலியையும் ஒளியையும் சேர்த்துப் பிடித்த முதல் படங்களில் பெயர்பெற்ற 'ஸாந்தா' வெளிவந்தது 1932-இல்தான். வளர்கிற குழந்தையோடு சேர்ந்து வளர்கிற சந்தர்ப்பம் எல்லாருக்கும் வாய்க்காது. லாந்தேதா அம்மாளுக்கு வாய்த்தது. பத்து வருஷத்துக்கு மேல், 70-க்கு மேற்பட்ட படங்களில், அந்த நாட்டின் பெரிய டைரக்டர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே சரியாகச் செய்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டருக்கு மறந்து போனதெல்லாம் அவர் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு மேல் வகுப்பு கிடையாது. உதவி டைரக்டராக வேண்டும் என்று கேட்டார். தொழிலாளர் சங்கத்தார் சிரித்தார்கள். 'பெண்பிள்ளை உத்தரவு போட்டால் ஆண்கள் கேட்பார்களா?' என்றார்கள். ஒருநாள் அந்த அம்மாள் கால்சட்டை, தொப்பி, ஒட்டு மீசை சகிதம் ஸ்டூடியோவுக்கு வந்து உரக்க உத்தரவு போட ஆரம்பித்தார் என்று ஒரு கதை. அவரே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்த கதைதான். மீசையைப் பார்த்து மனம் மாறினார்களா, அல்லது விடாமல் வாதாடியதில் சலித்துப் போனார்களா, எப்படியோ 1940-களின் நடுவில் உதவி டைரக்டர் பதவி கிடைத்தது. 14 படங்களில் அந்த வேலை பார்த்தார். அடுத்த படி டைரக்டர். அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

இந்த இடத்தில் அந்த நாட்டுச் சினிமாவின் பணப்பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கா தன் நேச நாடான மெக்ஸிகோவுக்குப் பிலிம் சுருளைத் தாராளமாகக் கொடுத்தது. அர்ஜென்டினாவுக்குக் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்தது. ஸ்பானிய மொழி பேசுகிற உலகம் முழுவதற்கும் மெக்ஸிகோப் படமே சாப்பாடு என்று ஆகிவிட்டது. 1950-ஐ ஒட்டி வருஷத்துக்கு 100 படத்துக்கு மேல் எடுத்தார்கள். ஆனால் பணம் வர வேண்டிய வழி ஒன்றே ஒன்று: 1942-இல் ஏற்பட்ட சினிமா பாங்கி. படம் ஓட வேண்டிய கொட்டகைகளில் பெரும்பாலானவை வில்லியம் ஜென்கின்ஸ் என்ற அமெரிக்கரும் அவருடைய கூட்டாளிகளும் ஆட்டிவைத்தவை. கரும்பில் பணம் சேர்த்துச் சினிமாவுக்கு வந்தவர் அவர். மூன்றாவதாக, 1945-இல் தோன்றிய புதிய தொழிலாளர் சங்கம். அதன் டைரக்டர்கள் பிரிவு உள்ளே இருந்தவர்களை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டது. ஆக, ஒரு கதவுக்கு மூன்று பூட்டு. இந்த மூவரின் தயவு இல்லாமல் படம் எடுப்பவருக்குச் சுயேச்சை என்று பெயர். கேட்பதற்குக் கௌரவமாக இருக்கிறது. நம் ஊர்த் தேர்தலில் சுயேச்சையாக நிற்பவரின் நிலைதான்: டெபாஸிட்டும் கைக்காசு, போனாலும் கைக்காசு.

இதற்கு முன்னே நடந்த ஒன்றும் அவருக்குத் தெரியாமல் இராது. அதேலா ஸெகேய்ரோ என்ற பத்திரிகைக்காரப் பெண்மணி 1937-இல் ஒரு படத்தை டைரக்ட் செய்து நல்ல பெயர் வாங்கினார். அடுத்த படம் 1938-இல் விழுந்தது. கம்பெனி கையை விட்டுப் போயிற்று, அவர் பத்திரிகைக்கே திரும்பினார். ஓர் ஆண் டைரக்டருக்கு ஒரு படம் விழுந்தால் படம் விழுந்தது என்பார்கள். பெண்ணுக்கு விழுந்தால் பெண்ணால் முடியாது என்பார்கள்.

லாந்தேதா அம்மாள் தம்பியோடு சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார். காரை விற்றார், வீட்டை அடமானம் வைத்தார். 1948-இல் 'லோலா கஸனோவா' தயாராயிற்று. ஸொனோராப் பாலைவனத்து ஸேரி பழங்குடிகளிடம் அகப்பட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, அவர்களுடனேயே வாழத் தீர்மானிக்கிற கதை. படம் ஒரு வருஷம் பெட்டியில் தூங்கியது. பிறகு விளம்பரமில்லாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வேறு யாராயிருந்தாலும் அடமானத்தை மீட்கிற வழியைப் பார்த்திருப்பார்கள். இந்த அம்மாள் அடுத்த படத்தை ஆரம்பித்தார்.

'லா நெக்ரா அங்குஸ்தியாஸ்', அதாவது 'கறுப்பி அங்குஸ்தியாஸ்', 1949-இல் எடுத்தது. முதல் படத்தைப் போலவே இதுவும் பிரான்ஸிஸ்கோ ரோஹாஸ் கொன்ஸாலெஸ் என்பவரின் நாவல். தேசிய இலக்கியப் பரிசு பெற்ற புத்தகம். ஆப்பிரிக்க வம்சத்தில் வந்த ஒரு பெண், ஆண்களின் அடாவடிக்கு அடி பணிய மறுத்து ஊரை விட்டு ஓடுகிறாள். ஸபாத்தாவின் புரட்சிப் படையில் கர்னலாகவே ஆகிவிடுகிறாள். எழுத்தறிவில்லாத கர்னல். படிப்புச் சொல்லிக் கொடுக்க வந்த வெள்ளைத் தோல் வாத்தியார்மீது அவளுக்கு மனம் போகிறது. இது வரைக்கும் நாவலும் படமும் ஒரே பாதை. அப்புறம் நாவலில் கர்னல் அம்மாள் அந்த ஆளுக்கு அடங்கி, நகரத்து ஒண்டுக் குடித்தனத்தில் ஒடுங்கிப் போகிறாள். படத்தில் வாத்தியார் அவள் நிறத்தையும் பிறப்பையும் எண்ணி முகத்தைச் சுளிக்கிறான். அவள் அழுது தீர்த்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மறுபடியும் படைக்குப் போகிறாள்.

கதையின் முடிவை மாற்றுகிற சினிமாக்காரர்களிடம் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. என் கதை ஒன்றைப் படமாக்குவதாக வாங்கிப் போனவர்கள் முடிவோடு நடுவையும் மாற்றினார்கள். நல்ல வேளையாகப் படம் வெளிவரவில்லை. ஆனாலும் இங்கே என் ஓட்டு டைரக்டருக்குத்தான். புத்தகம் நெடுகத் தலை நிமிர்ந்து நடந்தவளை நாவலாசிரியர் கடைசியில் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பெண் என்றால் முடிவில் இப்படித்தான் ஆவாள் என்று அவருக்கு ஓர் அபிப்பிராயம். வீட்டை அடமானம் வைத்துப் படம் எடுக்கிற பெண்ணுக்கு அந்த அபிப்பிராயம் எப்படி இருக்கும்? அங்குஸ்தியாஸாக வந்த மாரியா எலேனா மார்க்கெஸ் கறுப்பி அல்ல, முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார். இன்று பார்ப்பவர்களை அது உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். 

மூன்றாவது 'த்ரோத்தகாயெஸ்', 1951. தெருவில் நிற்கிற ஒருத்தியும், பணக்காரனை மணந்துகொண்ட அவள் சகோதரியும். அந்த நாளில் மெக்ஸிகோவில் இரவு விடுதிப் பெண்களைப் பற்றிய படங்கள் ஆட்டம் பாட்டத்தோடு கொட்டிக்கொண்டிருந்தன. இந்தப் படம், இரண்டு சகோதரிகளில் யார் விலைபோனவள் என்று கேட்டது. கொட்டகைக்கு வருகிறவர்கள் விரும்புகிற கேள்வி அல்ல.

நான்காவது படத்துக்குக் கதை தயார். சிறுவர் நீதிமன்றத்தில் வந்து நிற்கிற அநாதைப் பிள்ளைகளைப் பற்றி, தம்பியோடு சேர்ந்து எழுதியது. கதை எல்லாருக்கும் பிடித்திருந்தது. எழுதியவர் டைரக்ட் செய்வதுதான் பிடிக்கவில்லை. கடைசியில் அது அல்போன்ஸோ கொரோனா ப்ளேக் என்பவரின் டைரக்ஷனில் 'எல் கமினோ தெ லா வீதா' என்ற பெயரில் 1956-இல் வெளிவந்தது. பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போயிற்று. சிறந்த மூலக் கதைக்கான ஏரியல் பரிசை அக்காளும் தம்பியும் வாங்கிக்கொண்டார்கள். பரிசுச் சிலை கையில், காமிரா வேறொருவர் கையில்.

அதன் பிறகு அவர் சும்மா இருந்துவிடவில்லை. 'ஹௌடி டூடி' என்ற மர பொம்மை வருகிற அமெரிக்க டெலிவிஷன் நிகழ்ச்சிக்காக 110 குட்டிப் படங்களை டைரக்ட் செய்தார். பொம்மையை ஆட்டி வைக்கலாம், மனிதர்களை ஆட்டி வைக்கக் கூடாது என்பது ஏற்பாடு போலிருக்கிறது. அவருக்கு நேர்ந்ததெல்லாம் பெண் என்பதால் மட்டுமே என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கதவு இளைஞர்களுக்கும் சாத்தியே இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வயதாகி, படங்களுக்கும் வயதாகி, வியாபாரம் படுத்த பிறகுதான் சங்கமே விழித்துக்கொண்டு பரிசோதனைப் படங்களுக்கு ஒரு போட்டி வைத்தது. 1965-இல் அதில் முதல் பரிசு பெற்ற ரூபென் காமெஸ் அடுத்த முழுநீளப் படத்துக்கு 27 வருஷம் காத்திருந்தார். ஆனால் அவரிடம் யாரும், மீசை உண்டா என்று கேட்கவில்லை.

1975-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச மாதர் ஆண்டு என்று அறிவித்தது. உலக மகாநாடு மெக்ஸிகோ நகரத்திலேயே கூடியது. நம் நாட்டில் பெண்கள் எடுத்த படம் ஏதாவது உண்டா என்று தேடியபோது, பெட்டிக்குள்ளிருந்து அங்குஸ்தியாஸ் எழுந்து வந்தாள். 26 வருஷத்துக்கு முன் எடுத்த படத்தை இளம் பெண்கள் புதுப் படம் மாதிரி பார்த்தார்கள். அறுபதைத் தாண்டியிருந்த அந்த அம்மாளைப் பேசக் கூப்பிட்டார்கள், பாராட்டினார்கள். பணம் கொடுக்க மட்டும் இன்னும் 15 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1991-இல், எண்பது வயதில், மாதில்தே லாந்தேதா மறுபடியும் காமிராவுக்குப் பின்னால் நின்றார். படம் 'நொக்துர்னோ அ ரொஸாரியோ'. மானுவெல் அகுன்யா என்ற கவி, வைத்திய மாணவர், 1873-இல் 24-ஆவது வயதில் ஸயனைடு தின்று இறந்து போனார். ரொஸாரியோ என்ற பெண்ணை விளித்து அவர் எழுதிய கவிதை மெக்ஸிகோவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இரக்கமில்லாமல் ஒரு கவியைக் கொன்றவள் என்று ஊர் அவளைப் பேசிற்று; 'அகுன்யாவின் ரொஸாரியோ' என்றே பட்டம் கட்டிவிட்டது. கவிதை அவருடையது, சாவு அவருடையது, பழி மட்டும் அவளுடையது. அந்தக் கதையைத்தான் இந்த அம்மாள் ரொஸாரியோ பக்கத்திலிருந்து எடுத்தார். ஒபேலியா மெதினா ரொஸாரியோவாக நடித்தார். அதுவே கடைசிப் படம். 1999 ஜனவரியில் அந்த அம்மாள் காலமானார்.

நிஜ ரொஸாரியோ அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு இன்னும் 50 வருஷம் இருந்தாள். 1924-இல் அவள் கண்ணை மூடியபோது, மாதில்தேக்குப் பதினாலாவது வயது நடந்துகொண்டிருந்தது.